அம்மாவுக்குக் கிடைத்த 24 மணித்தியாலம்

டிக்கட்டில் இருந்த அந்த இலக்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கத்தில் அவரை யாராலும் ஏமாற்ற முடியாது. 41 வருடம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று, தராசையும் கணக்கப்பிள்ளையின் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்துப் பழகிய கண். “இங்க என்னா புள்ள, 22ன்னு போட்டுருக்கு?” என்றார்.

ஜப்பானில் இருக்கும் தங்கைக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பேரனைப் பார்க்க அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. 2024 நவம்பர் கடைசியில் பயணம். கட்டுநாயக்கவில் ஏறி, சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் இறங்கி, அங்கிருந்து நரிட்டாவுக்கு வேறு விமானம். விலை குறைந்த டிக்கட். குறைந்ததற்குக் காரணம் அந்த 22தான். செங்டுவில் 22 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

68 வயது அம்மாவை ஒரு பகலும் ஒரு இரவும் விமான நிலையக் கதிரையில் உட்கார வைப்பதா? வெளியே போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டால், பதுளையில் நான் விசாரித்த எல்லோரிடமும் ஒரே பதில்: “டீச்சர், நம்ம பாஸ்போட்டுக்கு விசா இல்லாம அங்க வாசலத் தாண்ட ஏலாது.” விசா எடுப்பதென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். பதுளையிலிருந்து கொழும்பு கோச்சியில் 292 கிலோமீற்றர். இரவுக் கோச்சியில் ஏறினால் விடியும்போது கோட்டை. ஒரு பகல் ஊர் பார்ப்பதற்குப் போக ஒரு இரவு, வர ஒரு இரவு கோச்சியிலா?

பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலங்களில் விதிகளைத் தேடித் தேடி வாசித்தேன். சீனாவில் வழித்தங்கலுக்கு இரண்டு வகைச் சலுகை உண்டு. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பட்டியல் ஒன்று; அந்த நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் 144 மணித்தியாலம் தங்கலாம். (நாங்கள் போய் வந்த சில வாரங்களில், டிசம்பர் 17இல், அதை 240 ஆக்கிவிட்டார்கள்.) பட்டியலில் இலங்கையைத் தேடினேன். இல்லை. மனம் சோர்ந்து மூடப்போன நேரத்தில் இன்னொரு விதி கண்ணில் பட்டது. மூன்றாவது நாடொன்றுக்குப் போக உறுதியான டிக்கட் கையில் இருந்து, வந்திறங்கிய 24 மணித்தியாலத்துக்குள் புறப்பட்டுவிடுவதாக இருந்தால் விசா வேண்டாம். விமான நிலையத்தை விட்டு வெளியே போக மட்டும், இறங்கிய இடத்தில் எல்லை அதிகாரியிடம் தற்காலிக அனுமதி கேட்க வேண்டும். யார் கேட்கலாம்? எந்த நாட்டவரும்.

எந்த நாட்டவரும்! அந்த இரண்டு சொற்களையும் எத்தனை தடவை வாசித்தேனோ. ‘மூன்றாவது நாடு’ என்பதையும் கவனமாகப் பார்த்தேன். கொழும்பிலிருந்து செங்டு போய்க் கொழும்புக்கே திரும்புகிறவருக்கு இது கிடையாது. கொழும்பு, செங்டு, நரிட்டா என்ற எங்கள் வழி அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு கேட்டார்: “எந்த நாட்டாளும்னா, நம்மளையும் சேத்துத்தானே?”

அப்படிக் கேட்க அவருக்குக் காரணம் உண்டு. அம்மா நமுனுகுல மலையடிவாரத்து லயமொன்றில் 1956இல் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தாத்தாவையும் பாட்டியையும் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்று ஆக்கிய பிறகு பிறந்த பிள்ளை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மலையகத் தமிழரை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது அவருக்கு எட்டு வயது. பெரிய மாமா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிக்குப் போனார். பதுளை ஸ்டேசனில் அவரைக் கோச்சி ஏற்றிவிட்டு அழுத நாளை அம்மா நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அம்மாவுக்குக் குடியுரிமை வந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அப்போது எனக்கே பத்து வயது. 32 வயதுவரை நாடில்லாமல் இருந்தவரிடம், நீ போய் நின்றால் போதும், ஒரு பெரிய தேசம் வாசலைத் திறக்கும் என்று சொன்னால் எப்படி நம்புவார்?

நான் ஒரு கோப்பு தயார் செய்தேன். இரண்டு விமான டிக்கட்டின் பிரதிகள், ஜப்பான் விசாவின் பிரதி, செங்டுவில் இரவு தங்கும் ஹோட்டல் பதிவு, ஹோட்டல் முகவரி சீன எழுத்தில் பெரிதாக. அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று தயார் செய்தார். மாசிச் சம்பல் போத்தல் பெட்டிக்குள் போனது. ஆனால் அரைக் கிலோ தேயிலைப் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்க மறுத்துவிட்டார். “பொட்டி எங்கயாச்சும் போயிட்டா? இது கையிலயே இருக்கட்டும்.” அது ஓகஸ்ட் மாதத்துத் தூள். எங்கள் ஊவாவில் கச்சான் காற்று மலையைத் தாண்டிக் காய்ந்து வீசும் அந்தச் சில வாரங்களில் எடுக்கும் கொழுந்துக்கு மட்டும் ஒரு தனி வாசம் ஏறும். கற்பூரமும் இல்லை, புதினாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மூக்கின் உச்சியில் ஏறி நிற்கும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது அந்த வாசம்தான்.

விமானத்தில் அம்மா தூங்கவில்லை. நானும்தான்.

செங்டு தியான்ஃபூ விமான நிலையம் 2021இல் திறந்தது. எங்கள் பதுளை டவுனை உள்ளே தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும்போல் இருந்தது. கூரை எங்கே முடிகிறது என்று அண்ணாந்து பார்த்து அம்மாவின் கழுத்தே வலித்திருக்கும். ‘24 மணித்தியால வழித்தங்கல்’ என்று எழுதிய பலகையின் கீழே வரிசை. எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னைக் கந்தோருக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம், அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும் நேரத்தில், இதே பிடிதான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அதிகாரி. பாஸ்போட்டைப் புரட்டினார். ஜப்பான் விசாவைப் பார்த்தார். அடுத்த விமானத்தின் டிக்கட்டைக் கேட்டார். கோப்பை நீட்டினேன். இரவு எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார். சீன எழுத்துக் காகிதத்தைக் காட்டினேன். அவ்வளவுதான். எதையோ எழுதி, ‘டப்’ என்று முத்திரை. அம்மாவைப் பார்த்து ஆங்கிலத்தில் “இருபத்துநான்கு மணித்தியாலம்” என்றார், புன்னகையோடு. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அந்தப் பெண் ஒரு கணம் திகைத்து, பிறகு தானும் தலை தாழ்த்தினார்.

அந்த இடத்தைத் தாண்டிய பிறகு அம்மா திரும்பிப் பார்த்தார். “இவ்ளோதானா?” என்றார். என் கண் நிறைந்துவிட்டது. “இவ்ளோதாம்மா.”

நகரம் அங்கிருந்து 50 கிலோமீற்றருக்கு மேல். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கும் அப்பால் போகிற தூரம். எங்கள் வளைவுகளில் பஸ் முக்கி முனகி இரண்டு மணித்தியாலம் எடுக்கும். இங்கே நிலத்தடி ரயில், மேசையில் வைத்த தண்ணீர் அசையாது என்பதுபோல வழுக்கிக்கொண்டு போனது. ரயிலில் சத்தமே இல்லை. கடலைக்காரர் இல்லை, வடைக்காரர் இல்லை, வாசலில் தொங்கும் பையன்கள் இல்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். “கோச்சின்னா சத்தம் வேணாமா?”

செங்டுவின் சனத்தொகை 2020 கணக்கெடுப்பில் இரண்டு கோடியே ஒன்பது லட்சம். எங்கள் முழு இலங்கையின் சனத்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். புவியியல் படிப்பிக்கிறவள் என்பதால் அந்த எண் எனக்குத் தெரியும். ஆனால் எண்ணைத் தெரிந்திருப்பதும், ரயில் மாறும் நிலையத்தில் அந்த எண்ணின் நடுவில் நிற்பதும் ஒன்றா? நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள், ஆட்கள். யாரும் இடிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. ஆற்றில் மரக்கட்டை மிதப்பதுபோல நாங்கள் மிதந்து போய் வென்ஷு மடாலய நிலையத்தில் வெளியே வந்தோம்.

வந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. பத்துப் பன்னிரண்டு பாகைதான் இருக்கும். நுவரெலியா பார்த்த எங்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் இது வேறு குளிர். எங்கள் மலைக்குளிர் காலையில் கடிக்கும், வெயில் ஏறினால் ஓடிவிடும். இது ஈரத் துணிபோல உடம்போடு ஒட்டிக்கொண்டு விடவே இல்லை. வானம் முழுக்கச் சாம்பல் நிறம். சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம், அந்தப் பள்ளத்தில் மேகம் தங்கிவிடுகிறது. சூரியனைக் கண்டால் இங்கத்து நாய் குரைக்கும் என்று சீனத்தில் பழமொழியே உண்டு. பதுளையும் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கிற ஊர்தான். ஆனால் எங்கள் கிண்ணத்தில் வெயில் ஊற்றுவார்கள், இங்கே பஞ்சை அடைத்து வைத்திருக்கிறார்கள். அம்மா சேலைக்கு மேல் சுவெட்டர், அதன்மேல் எனது ஜாக்கெட், தலையில் துவாய். கொழுந்துக்குப் போகும்போது கட்டுகிற அதே கட்டு.

மடாலயத்தில் ஊதுபத்திப் புகை. எங்கள் முத்தியங்கனை விகாரையில் மல்லிகையும் தேங்காயெண்ணெய் விளக்கும் மணக்கும். இங்கே சந்தனமும் மெழுகும். ஆளுக்கு மூன்று பத்தி, நெற்றிக்கு நேரே உயர்த்தி மூன்று தடவை குனிகிறார்கள். அம்மாவும் மூன்று பத்தி வாங்கிக் குனிந்தார். யாருக்கு என்று கேட்டேன். “யாரா இருந்தா என்னா, வாசலத் தொறந்து விட்டாங்கள்ல” என்றார்.

சாப்பாட்டில்தான் திண்டாட்டம். அம்மா மாடு, பன்றி தொடமாட்டார். மடாலயத்தில் சைவச் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது என்று முன்னமே பார்த்து வைத்திருந்தேன். செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும் நூடில்ஸ் வந்தது. நாங்கள் கொச்சிக்காய்க்குப் பயந்தவர்களா? முதல் வாயில் உறைப்பு, சரி. இரண்டாவது வாயில் உதடு துடித்தது. மூன்றாவது வாயில் நாக்கைக் காணவில்லை! இருக்கிற இடமே தெரியவில்லை. “புள்ள, வாயி செத்துப்போச்சு” என்று அம்மா பதறினார். சிச்சுவான் மிளகின் வேலை அது. உறைப்பு ஒரு பக்கம், மரப்பு ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே ருசி என்கிறார்கள். பல்வலிக்குக் கராம்பு வைத்தால் ஈறு மரக்குமே, அதை முழு வாய்க்கும் செய்ததுபோல. பயம் தெளிந்ததும் அம்மா அந்த மிளகின் உமி ஒன்றை விரலில் எடுத்து மணந்து பார்த்தார். தோடம்பழத் தோல் வாசம். கோப்பையை முழுதாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

காசு கொடுக்க யாரும் காசை எடுக்கவில்லை. கடைக்காரர் ஒரு சதுரக் கட்டத்தைக் காட்டுகிறார், ஆட்கள் போனைக் காட்டுகிறார்கள், ‘டிங்’. வீட்டிலிருந்தே அலிபேயில் என் வங்கி அட்டையைச் சேர்த்து வைத்திருந்ததால் நானும் ‘டிங்’ செய்தேன். தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி வைத்து மாதக் கடைசியில் கோடு போட்டவர் அம்மா. அந்தச் சத்தத்தைக் கேட்டு, “கொப்பில எழுதிக்கிட்டாங்களா?” என்றார். எழுதிக்கொண்டார்கள் என்றேன். அதுதானே உண்மை.

பிறகு மக்கள் பூங்கா. 1911இல் திறந்த பழைய பூங்கா. கிங்கோ மரங்கள் எல்லாம் ஒரே மஞ்சள். எங்கள் நாட்டில் மரம் இப்படி ஒட்டுமொத்தமாக நிறம் மாறி நான் பார்த்ததில்லை. சூரியன் இல்லாத ஊரில் வெளிச்சத்தை மரங்கள் தாங்களே தயாரித்துக்கொண்டதுபோல. கீழே விசிறி வடிவ இலைகள் கணுக்கால்வரை. ஒரு பக்கம் வயதான பெண்கள் கூட்டமாக ஆடுகிறார்கள். இன்னொரு பக்கம் வரிசையாகக் காகிதங்கள். பிள்ளைகளின் வயது, படிப்பு, உயரம், சம்பளம் எழுதித் தாய் தகப்பன்மார் மாட்டி வைத்திருக்கிறார்கள், வரன் தேட! அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சீனாவில் முதன்முதலாக அவருக்கு முழுதாகப் புரிந்த காரியம் அது. “சாதகம் பாக்க மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

குளத்தோரத்தில் ஹெமிங் தேநீர்க் கூடம். நூறு வருடத்துப் பழசு. மூங்கில் கதிரைகள், மரத்தடியில், நூற்றுக்கணக்கில். எல்லாவற்றிலும் ஆள். சீட்டாடுகிறார்கள், தூங்குகிறார்கள், விதை கொறிக்கிறார்கள். நடுவில் ஒருவர் இரும்புக் குறட்டைத் தட்டி ‘டிங்ங்ங்’ என்று அதிரவிட்டுக்கொண்டு வருகிறார். காது சுத்தம் செய்கிறவராம். நெற்றியில் விளக்கு, கையில் நீளமான ஊசிகள், இறகுகள். தேத்தண்ணி குடித்தபடியே காதைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒரு வேலைநாளின் பகல் இரண்டு மணிக்கு இத்தனை சனம் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பதை அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மலையில் தேத்தண்ணி நேரம் என்றால் கூடையை இறக்காமலே போத்தலில் இருந்து நாலு மிடறு.

மல்லிகைத் தேயிலை கேட்டேன். பரிசாரகர் “சா” என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார். அம்மா என் தோளைத் தட்டினார். “சாயான்னு சொல்றான்!” உண்மைதான். பதுளையில் முஸ்லிம் கடைகளில் நாங்கள் கேட்பதும் சாயாதானே. சீனாவின் பெரும்பகுதி ‘சா’ என்கிறது. அது தரைவழியாகவும் போர்த்துக்கேயர் மூலமாகவும் போய்ச் சாயா ஆனது. தென்கிழக்குக் கரையில் ஃபூஜியான்காரர்கள் ‘தே’ என்றார்கள். ஒல்லாந்தர் கப்பலில் ஏறி அது ‘டீ’ ஆகி, எங்களிடம் வந்து இலையோடு சேர்ந்து தேயிலை ஆனது. அம்மா வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல்லின் முதல் பாதி இந்த நாட்டுச் சொல்.

வந்தது மூன்று உருப்படி: தட்டு, கிண்ணம், மூடி. தட்டு பூமி, மூடி வானம், நடுவில் கிண்ணம் மனிதன் என்பார்களாம். பால் இல்லை, சீனி இல்லை, வடிகட்டி இல்லை. இலை அப்படியே மிதக்கிறது. மூடியால் இலையை ஒதுக்கி, இடுக்கு வழியாக உறிஞ்ச வேண்டும். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் மூடியை எடுத்துத் தட்டில் சாய்த்து வைத்தால் போதும், கேத்தலோடு வந்துவிடுகிறார். எத்தனை தரமும். தேயிலையில் மல்லிகை எப்படி ஏறுகிறது தெரியுமா? மொட்டு இரவில்தான் விரியும்; விரியும்போது தேயிலையோடு கலந்து வைத்தால் வாசத்தை இலை குடித்துக்கொள்ளும். காலையில் பூவை எடுத்துவிட்டு, அடுத்த இரவு புதுப் பூ. தலைக்கும் சாமிக்கும் மட்டும் மல்லிகை வைத்த நாங்கள், இலைக்கு மல்லிகை சூடும் ஊரில் உட்கார்ந்திருந்தோம்.

விலை என்ன என்று அம்மா கேட்டார். ஒரு கிண்ணம் 30 யுவான். எங்கள் காசுக்கு 1,200 ரூபாய் அளவில். தோட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக உயர்த்தியதே அந்த செப்டெம்பரில்தான். “ஒரு கோப்ப, ஒரு பேருக்குக் கிட்ட வருதே” என்றார். ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, மெதுவாக, மிக மெதுவாகக் குடித்தார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டு இலை ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் நீவி விரித்தார். “மொட்டு மட்டும் எடுத்துருக்காளுக புள்ள. ரெண்டு இல இல்ல. வெறும் மொட்டு.” இன்னொன்றை எடுத்தார். “இதுவும்.” நமக்கு அது தேத்தண்ணி. அம்மாவுக்கு அது யாரோ ஒருத்தியின் கைவேலை.

பக்கத்து மேசையில் அம்மா வயதுப் பெண்மணி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து என்னவோ கேட்டார். நான் போனில் ஆங்கிலத்தில் சொல்ல, போன் சீனத்தில் பேசியது. என் அம்மா 41 வருடம் இலங்கையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர் என்றேன். அவர் அம்மாவின் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஓய்வு பெற்று 13 வருடமாகியும் போகாத கறுத்த கீறல்கள். அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் படபடவென்று பேசினார். போன் மெதுவாக மொழிபெயர்த்தது. செங்டுவுக்கு மேற்கே யாஆன் அவர் ஊர். அங்கே மெங்டிங் மலை. கி.மு. 53இல் வூ லிசென் என்பவர் உலகத்தில் முதன்முதலாகத் தேயிலையைப் பயிராக நட்டது அந்த மலையில்தான் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. குமரிப் பெண்ணாக இருந்தபோது அவரும் அங்கே கொழுந்து எடுத்தவர்.

அடுத்த ஒரு மணித்தியாலத்தை நான் எப்படி எழுதுவது? இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை. போனை நான் கீழே வைத்துவிட்டேன், தேவைப்படவில்லை. அந்த அம்மா காற்றில் ஒரு செடியை வரைந்து, விரல் நுனிகளால் மொட்டை மேல்நோக்கி மெல்ல இழுத்துக் காட்டினார். நகம் பட்டால் இலை கறுத்துவிடும் என்று தலையை ஆட்டினார். அம்மா தன் முறையைக் காட்டினார். இரண்டு கையும் மாறி மாறி, கிள்ளி, கிள்ளி, ஒரு பிடி சேர்ந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். முதுகில் கூடை இல்லை. ஆனாலும் அந்த அம்மா கூடைக்குள் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையை நீட்டினார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காது சுத்தம் செய்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பனிக்காலத்தில் அங்கே செடி தூங்குமாம். வசந்தம் வந்தால்தான் முதல் மொட்டு. “நாலஞ்சு மாசம் செடிக்கு லீவா?” அம்மாவால் நம்பவே முடியவில்லை. எங்களிடம் வருடம் முழுக்க, ஏழெட்டு நாளைக்கு ஒரு தரம் அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும் என்று நான் போன் வழியாகச் சொன்னபோது, அந்த அம்மா அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அப்போதுதான் அம்மா கைப்பையைத் திறந்தார். ஓகஸ்ட் மாதத்துப் பொட்டலம். வெறும் கிண்ணம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை போட்டு, கேத்தல்காரரைக் கூப்பிட்டு, மூடிவைத்து, மனதுக்குள் எண்ணி, திறந்தார். சாயம் செப்புக் காசின் நிறத்தில் இறங்கியிருந்தது. அந்த அம்மா மணந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஒரு மிடறு. முகம் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது. மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். போன் சொன்னது: “உள்ளே காற்று அடிக்கிறது.” நமுனுகுலவைக் கண்ணால் காணாத ஒருவர் கச்சான் காற்றைக் கண்டுபிடித்துவிட்டார்!

1824இல் சீனாவிலிருந்து தேயிலைச் செடி பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடக்கத் தொடங்கியதும் அதே 1820களில்தான், அப்போது கோப்பிக்காக. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட பிறகு, செடியும் ஆளும் சேர்ந்துகொண்டார்கள். இதை வகுப்பில் எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு பெண்கள் ஒரே கிண்ணத்தை மாறி மாறிக் குடிப்பதைப் பார்த்தபோதுதான் அது எனக்குப் பாடமாகத் தெரியாமல் சொந்தமாகத் தெரிந்தது.

இருட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. பிரியும்போது அந்த அம்மா மல்லிகைத் தேயிலைப் பக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அம்மா பொட்டலத்தில் பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தங்கைக்குப் பங்கு குறைந்துவிட்டது. “அவளுக்கு அடுத்த ஓகஸ்ட்டு வரும்” என்றார்.

ஹோட்டலில் அம்மா படுத்ததும் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இரண்டு பாஸ்போட்டையும் எடுத்து, அந்த முத்திரைகளை விளக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எல்லைக் கண்ணாடியில் வேறொரு அதிகாரி, நேரத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். எங்கள் 24இல் இன்னும் சில மணித்தியாலம் மீதி இருந்தது. அம்மாவின் கைப்பிடி இந்தத் தடவை இல்லை. தன் பாஸ்போட்டைத் தானே நீட்டினார், தானே வாங்கிக்கொண்டார்.

விமானத்துக்குக் கூப்பிடும்வரை கண்ணாடியோரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மடித்த காகிதக் கைக்குட்டை. அதற்குள் நேற்றைய கிண்ணத்து இலைகள், இரவோடிரவாகக் காய்ந்து சுருங்கி. மடியில் பரப்பி, ஒவ்வொன்றாக விரலால் நீட்டிப் பார்த்து எண்ணினார். பத்தொன்பது மொட்டு. எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் நகம் பட்ட அடையாளம் இல்லை.

“நல்ல கைக்காரி” என்றார்.